பயன்படுத்திய நீரும் பயன் தரும்

தை முடிந்து மாசி பிறக்கும் வேளையில் நம் தோட்டங்களில் இரப்பர் மரங்கள் இலை உதிர்க்கின்றன. பச்சைப் பந்தலாய் இருந்த நிரைகள் சில வாரங்களில் வெறுங் கிளைகளாகி விடுகின்றன. மரம் மீண்டும் தளிர் விட்டு, அத்தளிர் முற்றும் வரை பால் குறைந்தே கிடைக்கும். பால் குறைந்தால் கூலியும் குறையும் என்பதை வெட்டுத் தொழிலாளர் எவருக்கும் நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இதே மாதங்களில்தான், சிறப்பாகக் கெடா, பெர்லிஸ் ஆகிய வட மாநிலங்களில், மழையும் குறைகிறது. கொல்லையில் காய்த்துக் குலுங்கிய கத்தரியும் வெண்டையும் வாடித் தலை சாய்கின்றன. கையில் காசு குறைந்திருக்கும் வேளை பார்த்துக் காய்கறியையும் காசு கொடுத்து வாங்க வேண்டிய நிலை வந்து சேர்கிறது.

இத்தகைய வறண்ட நாளிலும் ஒவ்வொரு வீட்டின் பின்புறமும் ஒரு சிறு நீரோட்டம் நிற்காமல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அரிசி களைந்த நீர், காய்கறி கழுவிய நீர், துணி அலசிய நீர், குளித்த நீர் ஆகிய யாவும் கலந்து சாக்கடை வழியே போய்விடுகின்றன. செடிக்கு ஊற்ற நீரில்லை என்று நாம் வருந்தும் அதே வேளையில், செடிக்கு ஏற்ற நீர் நம் காலடியிலேயே ஓடி மறைகிறது. அந்நீரை நோய்க்கு இடம் தராமல் எவ்வாறு மீண்டும் பயன்படுத்தலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இலவசம் என்றால் அளவற்றது அன்று

“தோட்டத்தில் நமக்குத் தண்ணீர் இலவசம்தானே! அதைச் சிக்கனப்படுத்துவதால் நமக்கு என்ன இலாபம்?” என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் தோட்டக் குடியிருப்புகளில் பல வீடுகளுக்கு ஒரே தொட்டியிலிருந்து நீர் வருவதுண்டு. வரிசையின் மேற்புறத்திலுள்ள வீடுகள் தாராளமாகச் செலவழித்தால், கடைசி வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். இலவசமாகக் கிடைக்கும் பொருளும் ஓர் அளவோடுதான் கிடைக்கிறது.

தண்ணீர்த் தட்டுப்பாடு தோட்டப்புறத்தை மட்டும் தாக்குவதும் அன்று. 1998 ஆம் ஆண்டு வறட்சியின்போது அணைகளில் நீர் வற்றியதால், கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 18 இலட்சம் மக்கள் நீர்ப் பங்கீட்டுக்கு உள்ளாயினர். 2014 ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் சிலாங்கூரில் இதே நிலை ஏற்பட்டது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட மழை பரவலாகப் பெய்யும் நாடு இது. இங்கே மக்கள் வாளியுடன் வரிசையில் நின்றனர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. நம் நாட்டில் ஒருவர் நாளொன்றுக்கு வீட்டில் 200 லிட்டருக்கு மேல் நீர் செலவிடுகிறார் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வளவும் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் செலவாவதில்லை. பெரும்பகுதி குளிக்கவும், துவைக்கவும், கழுவவும், கழிப்பறைக்கு ஊற்றவுமே செலவாகிறது.

கழிப்பறைக்கு ஊற்றும் நீர் குடிநீரைப் போல் தூய்மையாக இருக்க வேண்டும் என்னும் கட்டாயம் உண்டா? வாழை மரத்துக்குச் சுத்திகரித்த குழாய்நீர்தான் தேவையா? இல்லை. ஒரு வேலையை முடித்த நீர், அதைவிடக் குறைந்த தூய்மை போதுமான மற்றொரு வேலையைச் செய்ய முடியும். நீரை மீண்டும் பயன்படுத்தும் முறை முழுவதும் இந்த ஓர் உண்மையின் மீதே நிற்கிறது.

மூவகை நீர்

வீட்டிலிருந்து வெளியேறும் நீரை நாம் மூன்றாகப் பிரித்தறிய வேண்டும்.

முதல் வகை, அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் ஆகும். இவற்றில் சவர்க்காரம் இல்லை; எண்ணெய் இல்லை. நம் பாட்டிமார் இந்நீரைக் கீழே கொட்டியதில்லை. கழுநீர்ப் பானையில் சேர்த்து மாட்டுக்கு வைத்தனர். மாடு இல்லாத வீட்டில் அது எந்தச் செடிக்கும் அச்சமின்றி ஊற்றத் தக்கது.

இரண்டாம் வகை, குளித்த நீரும் துணி துவைத்த நீரும் ஆகும். இவற்றில் சவர்க்காரமும், அழுக்கும், உடம்பிலிருந்து கழுவப்பட்ட கிருமிகளும் ஓரளவு கலந்திருக்கும். கவனத்தோடு கையாண்டால் இவை பயன் தரும்.

மூன்றாம் வகை, கழிப்பறை நீர். இதனை எக்காரணத்தைக் கொண்டும் மீண்டும் பயன்படுத்தலாகாது. குழந்தையின் மலம் பட்ட துணியை அலசிய நீரும், வயிற்றுப்போக்கு, டைபாய்டு போன்ற நோய் கண்டவரின் துணியைத் துவைத்த நீரும் இவ்வகையைச் சேர்ந்தவையே. அவற்றைக் கழிப்பறையில்தான் ஊற்ற வேண்டும்.

எண்ணெய்ச் சட்டியும் மீன் பாத்திரமும் கழுவிய நீர் பற்றியும் ஒரு சொல். எண்ணெய்ப் பசை மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும். சோற்றுப் பருக்கையும் மீன் செதிலும் எலியை அழைத்து வரும். ஆகவே அந்நீரைச் செடிக்கு ஊற்றாமல் விடுவதே நல்லது.

மூன்று வாளிகளும் மூன்று வேலைகளும்

துணி துவைக்கும் பொழுது பெரும்பாலான வீடுகளில் ஒருமுறை சவர்க்கார நீரில் ஊறவைத்துத் துவைத்து, இருமுறை அலசுவது வழக்கம். இம்மூன்று நீரையும் ஒன்றாகக் கொட்டாமல், தனித்தனி வேலைக்கு அனுப்பலாம்.

சவர்க்காரம் மிகுந்த முதல் நீர் செடிக்கு ஆகாது. ஆனால் குளியலறைத் தரையையும் பின்கட்டுச் சிமெந்துத் தரையையும் தேய்த்துக் கழுவ அது மிகவும் ஏற்றது.

முதன்முறை அலசிய இரண்டாம் நீரைக் கழிப்பறைக்கு ஊற்றலாம். கையால் நீர் ஊற்றும் கழிப்பறையாயின் ஒரு வாளி நீர் பல முறைக்கு வரும்.

கடைசியாக அலசிய மூன்றாம் நீரில் சவர்க்காரம் மிகக் குறைவு. கொல்லைக்குச் செல்ல வேண்டியது இந்த நீரே.

இனி ஒரு கணக்குப் பார்ப்போம். ஐந்து பேர் உள்ள ஒரு குடும்பத்தில் கடைசி அலசலுக்கு 15 லிட்டர் வாளியில் இரண்டு வாளி நீர் செலவாகிறது என்று கொள்வோம். அது 30 லிட்டர். அரிசியும் காய்கறியும் கழுவிய நீர் 10 லிட்டர் சேரும். ஆக, நாளொன்றுக்கு 40 லிட்டர். வெயில் காயும் நாளில் ஒரு சதுர மீட்டர் காய்கறிப் பாத்திக்கு ஏறத்தாழ 5 லிட்டர் நீர் தேவைப்படும். அப்படியானால் ஒரு மீட்டர் அகலமும் எட்டு மீட்டர் நீளமும் உள்ள ஒரு பாத்தியை, குழாயைத் திறக்காமலே வறட்சிக் காலம் முழுவதும் உயிரோடு காத்துவிடலாம். முப்பது நாளில் மிச்சமாகும் நீர் 1,200 லிட்டர். குளித்த நீரை இக்கணக்கில் நாம் சேர்க்கவே இல்லை.

மண் செய்யும் வேலை

சவர்க்காரம் கலந்த நீர் செடியைக் கெடுத்துவிடாதா என்னும் ஐயம் எழலாம். மண் உயிரற்ற பொருள் அன்று. அதன் மேற்பரப்பிலுள்ள ஓரடி ஆழத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் எண்ணிலடங்காமல் வாழ்கின்றன. நீரில் கலந்து வரும் அழுக்கையும் சவர்க்காரத்தையும் அவை சிறிது சிறிதாகச் சிதைத்து உணவாக்கிக் கொள்கின்றன. மண்ணோ வடிகட்டியைப் போல் செயல்பட்டு நீரைத் தெளிவாக்குகிறது. ஆனால் இவ்வேலைக்குக் காற்றும் கால அவகாசமும் வேண்டும். ஒரே இடத்தில் நாள்தோறும் குடம் குடமாக ஊற்றினால் மண் நீரில் மூழ்கி, நுண்ணுயிர் மூச்சடைத்து, நாற்றம் எடுக்கும். ஆகவே இன்று ஒரு பகுதி, நாளை மற்றொரு பகுதி என்று மாற்றி ஊற்ற வேண்டும்.

சலவைத் தூள்களில் சோடியம் என்னும் உப்புப் பொருள் உண்டு. அது மண்ணில் மிகுதியாகச் சேர்ந்தால் களிமண் இறுகி நீரை உள்ளே விடாது. இவ்வகையில் நம் நாட்டின் தட்பவெப்பம் நமக்குத் துணை நிற்கிறது. இரப்பர் வளரும் மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை உடையது. சவர்க்காரமோ காரத் தன்மை உடையது. எனவே சிறிதளவு சவர்க்காரத்தால் இம்மண்ணுக்கு உடனே கேடு விளைவதில்லை. மழைக்காலம் வந்ததும் சேர்ந்த உப்பையும் மழைநீர் கழுவிச் சென்றுவிடும். எனினும் இலையோரம் கருகுவதும், மண்ணின் மேல் வெள்ளைப் படலம் தோன்றுவதும், ஊற்றிய நீர் உறிஞ்சப்படாமல் நிற்பதும் எச்சரிக்கைக் குறிகளாகும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் சில வாரங்களுக்கு அவ்விடத்தில் அந்நீரை நிறுத்தி, மக்கிய உரம் இட்டு, நல்ல நீர் ஊற்ற வேண்டும்.

துணி வெளுக்கும் திரவம் கலந்த நீரையும், கிருமிநாசினி கலந்த நீரையும் மண்ணில் ஊற்றலாகாது. அவை துணியிலுள்ள கிருமியைக் கொல்வதைப் போலவே மண்ணிலுள்ள நல்ல நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும்.

எச்செடிக்கு ஊற்றலாம்?

வாழை, பப்பாளி, தென்னை, முருங்கை, கறிவேப்பிலை ஆகியவை இந்நீருக்கு மிகவும் ஏற்றவை. கத்தரி, வெண்டை, மிளகாய், பயற்றங்காய் போன்றவற்றுக்கும் ஊற்றலாம். இவற்றின் காய்கள் தரைக்கு மேலே தொங்குகின்றன. பெரும்பாலும் சமைத்தே உண்ணப்படுகின்றன. ஆயினும் நீரை வேரடியில்தான் ஊற்ற வேண்டும். இலையின் மீதும் காயின் மீதும் தெளிக்கலாகாது.

வல்லாரை போன்று பச்சையாக உண்ணும் கீரைகளுக்கும், முள்ளங்கி, சர்க்கரைவள்ளி போன்று மண்ணுக்குள் விளைபவற்றுக்கும், குளித்த நீரையோ துவைத்த நீரையோ ஊற்ற வேண்டா. அவற்றுக்கு அரிசி களைந்த நீரே போதும்.

வாழை வட்டம்

குளியலறை நீர் பாயுமிடத்தில் இரண்டு வாழை வைப்பது நம்மவரின் பழைய வழக்கம். அதனையே சற்றுத் திருத்தமாகச் செய்தால் வாளியில் சுமக்கும் வேலையும் குறையும்.

சாக்கடைக்கும் கிணற்றுக்கும் தொலைவான ஓரிடத்தில் ஆறடி அகலமும் இரண்டடி ஆழமும் உள்ள வட்டமான குழி தோண்ட வேண்டும். தோண்டிய மண்ணைக் குழியைச் சுற்றி வரப்பாக அணைக்க வேண்டும். குழியில் அடியில் சுள்ளிகளும், அதன் மேல் தேங்காய் மட்டையும், அதற்கும் மேல் காய்ந்த சருகும் இட்டு, தரை மட்டத்துக்கு மேல் எழும்பும்படி நிரப்ப வேண்டும். வரப்பின் மீது நான்கைந்து வாழைக் கன்றுகளை நடலாம். குளியலறை நீரைக் குழாய் வழியாகச் சருகுக்கு அடியில் விட வேண்டும். நீர் வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே பரவி, வாழை வேர்களுக்குச் சென்று சேரும். சருகு மக்கித் தாழத் தாழ, மேலும் சருகு இட்டு வர வேண்டும்.

இங்கே மரம் இலை உதிர்க்கும் காலமும் நமக்கு உதவுகிறது. கூலியைக் குறைக்கும் அதே மாதங்கள் வீட்டருகே சருகை மலை மலையாகக் குவிக்கின்றன. அச்சருகைத் தீயிட்டுப் புகைக்காமல் குழியிலும் பாத்தியிலும் பரப்பினால் மண்ணின் ஈரம் காயாமல் நிற்கும். ஒரு வாளி நீர் ஒன்றரை வாளியின் வேலையைச் செய்யும்.

குழி தோண்டும் முன்னரும், வீட்டுக் குழாயை மாற்றும் முன்னரும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியைப் பெற வேண்டும். பொதுச் சாக்கடையின் போக்கை நாமாக மாற்றினால் பக்கத்து வீட்டாருக்கே தொல்லை விளையும்.

அன்றன்றே மண்ணுக்குள்

இதுவரை கூறிய அனைத்தையும் மறந்தாலும் ஒரு விதியை மட்டும் மறத்தலாகாது. பயன்படுத்திய நீரை அன்றன்றே மண்ணுக்குள் விட்டுவிட வேண்டும். நாளைக்கு ஆகும் என்று சேர்த்து வைத்தலாகாது.

இதற்குக் காரணம் இரண்டு. துவைத்த நீரை ஒரு நாளுக்கு மேல் வைத்தால் அதிலுள்ள கிருமிகள் பெருகி நாற்றம் எடுக்கும். அடுத்தது கொசு. கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய நம் நாட்டு வெப்பத்தில் ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாட்களே போதும். பீப்பாயில் மூடாமல் வைத்த நீர் ஒரு வாரத்துக்குள் டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுக்களின் பிறப்பிடமாகிவிடக்கூடும்.

தேங்கிய நீரின் கேடு தோட்டப்புற மக்களுக்குப் புதிதன்று. இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் மலேரியா நம் முன்னோரைக் கூட்டங்கூட்டமாக மாய்த்தது. 1901 ஆம் ஆண்டில் கிள்ளானுக்கு அரசாங்க மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களில் நீரை வடித்ததன் மூலம் அந்நோயைக் குறைத்துக் காட்டினார். தேங்கிய நீர் வடிய வேண்டும் என்னும் அப்பாடத்தைத் தோட்டங்கள் உயிர்களை விலையாகக் கொடுத்தே கற்றன. நீரைச் சேமிக்கிறோம் என்று சொல்லி அதனை மீண்டும் தேங்க விடுவது அப்பாடத்தை மறப்பதாகும். 1975 ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்படி, வீட்டு வளாகத்தில் கொசுப் புழு காணப்பட்டால் அபராதம் விதிக்கப்படலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மழை பெய்யும் நாளில் செடிக்கு நீர் தேவையில்லை. அன்று அந்நீரைச் சாக்கடையிலேயே விட்டுவிடலாம். அதில் குற்றம் ஒன்றும் இல்லை.

மருந்தடித்த உடை

தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்கென்றே உரிய ஓர் எச்சரிக்கையை இங்கு அழுத்திக் கூற விரும்புகிறோம். களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ தெளித்துவிட்டு வந்தவரின் உடையைக் குடும்பத்தாரின் உடையோடு சேர்த்துத் துவைத்தலாகாது. தனி வாளியில், தனியாகத் துவைக்க வேண்டும். அந்நீர் ஒரு சொட்டும் காய்கறிப் பாத்திக்குச் செல்லலாகாது. கிணற்றருகிலும் ஓடையிலும் கலக்கலாகாது. கொடிய நஞ்சாகிய பாராகுவாட் 2020 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. ஆயினும் வேறு மருந்துகள் பயன்பாட்டில் இருக்கவே செய்கின்றன. செடியைக் கொல்லவென்றே செய்யப்பட்ட மருந்தை நாமே கொண்டுவந்து கத்தரிச் செடிக்கு ஊற்றினால் அது பிழைக்குமா? பிழைத்துக் காய்த்தாலும் அக்காயை நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

பாலை உறைய வைக்கும் அமிலமோ, பால் உறையாமல் காக்கும் அம்மோனியாவோ சிந்திய உடைக்கும் இவ்விதியே பொருந்தும்.

பயன்படுத்திய நீருக்கென ஒதுக்கிய வாளியின் மீது சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு இழுத்து வைப்பது நல்லது. அவ்வாளியில் ஒருபோதும் குடிநீர் பிடித்தலாகாது. சிறுபிள்ளைகள் அதில் கைவைத்து விளையாட விடலாகாது. ஊற்றி முடித்தபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும். கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் கிணற்றிலிருந்து நூறடித் தொலைவுக்குள் இந்நீரை ஊற்றாதிருப்பது பாதுகாப்பானது.

இரு சாராரின் கடமை

நீரை மீண்டும் பயன்படுத்துங்கள் என்று நாம் கூறுவதால், குழாயில் நீர் வராவிட்டாலும் பொறுத்துக் கொள்ளுங்கள் என்று பொருளன்று. 1990 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2019 ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் பற்றிய குறைந்தபட்சத் தரச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்கு இலவசமாகவும் போதுமான அளவிலும் குழாய்நீர் வழங்குவதை முதலாளியின் கடமை என வகுத்துள்ளது. குடிக்கவும், சமைக்கவும், குளிக்கவும் நல்ல நீர் கிடைக்காவிடில் முதலில் நிர்வாகத்திடமும், பின்னர் தொழிலாளர் இலாகாவிடமும் முறையிடுவது உங்கள் உரிமையாகும். மீண்டும் பயன்படுத்தும் நீர் செடிக்கும் தரைக்கும் கழிப்பறைக்கும் உரியது. அது ஒருபோதும் குடிநீருக்கு ஈடாகாது.

அதே வேளையில், கிடைக்கும் நீரை அடுத்த வீட்டாரையும் எண்ணிச் செலவழிப்பது நம் ஒவ்வொருவரின் கடமையாகும். வெட்டு முடிந்து களைத்து வந்த ஒருவர் கடைசி வீட்டுக் குழாயைத் திறக்கும்பொழுது அதில் நீர் வர வேண்டும். மேல் வீட்டில் மிச்சப்பட்ட இரண்டு வாளி நீர்தான் அங்கே வருகிறது.

பெரிய செலவு எதுவும் இதற்குத் தேவையில்லை. நாளைக் காலை துணி அலசும்பொழுது கடைசி வாளி நீரைச் சாக்கடையில் சாய்க்கும் முன் சற்று நில்லுங்கள். அதனைத் தூக்கிச் சென்று கத்தரிச் செடியின் வேரடியில் ஊற்றுங்கள். மரம் இலை உதிர்த்துக் கூலி மெலிந்து நிற்கும் மாசியிலும் பங்குனியிலும், அச்செடியில் பறித்த காய் உங்கள் குழம்புச் சட்டியில் கொதிக்கும்.